குளுகுளு முதலாளியின் மெஷின்

கொடைக்கானலுக்குக் குளிர் போதாது என்று நினைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். இனி இன்னொருவர் பிறக்கப்போவதும் இல்லை. ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் மார்கழி மாதக் காலையில், வெறும் மல் சட்டையும் வேட்டியுமாகக் கையில் ஒரு பனையோலை விசிறியோடு பங்களா வாசலில் நின்றுகொண்டு, "என்ன தம்பி, இன்னிக்கு லேசா இறுக்கமா இல்ல?" என்று கேட்பார். கேட்கும்போதே அவர் வாயிலிருந்து புகை புகையாக வரும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊர் அதை விசாரிக்கவில்லை. ஊருக்கு அவர் குளுகுளு முதலாளி. அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகையில் ஏர்கண்டிஷன் வைத்துவிட்டால் 'குளுகுளு வசதி செய்யப்பட்டது' என்று வாசலில் கொட்டை எழுத்தில் போர்டு மாட்டுவார்கள். அதே மாதிரி ஒரு போர்டைத் தன் பங்களா கேட்டில் மாட்டியிருந்தார். சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் கேட்டைத் தட்டி, அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

அறுபதுகளில் நான் கொடைக்கானல் மின்சார ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். ஆபீசுக்கு அடிக்கடி ஒரு புகார் வரும். திடீரென்று தெரு விளக்கெல்லாம் அகல் விளக்கு மாதிரி மங்கிப்போகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானே சரியாகிவிடுகிறது என்று. விசாரித்ததில், ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் யாரோ ராட்சச மெஷின் ஒன்றை ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தது. லைன்மேன்கள் யாரும் அந்தப் பக்கம் போகத் தயாராக இல்லை. போனவர்கள் எல்லாரும் சளி பிடித்துத் திரும்பியிருந்தார்கள். கடைசியில், கம்பியைத் தொட்டே அறியாத என்னை அனுப்பினார்கள்.

"நான் வெறும் கிளார்க்குங்க. பில்லு எழுதுறதுதான் என் சோலி" என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"கரண்டையே எழுதுறீங்க. மெஷினு என்ன பிரமாதம்? உள்ள வாங்க."

உள்ளே போனேன். வாடகைக்கு அறை தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான், பின்னால் இருந்த அவுட்ஹவுஸ் சாவி என் கையில் இருந்தது. "கரண்டு ஆபீஸ்காரரு பக்கத்துலயே இருந்தா மெஷினுக்கு ஒரு பயம் இருக்கும்" என்றார். அன்று முதல் மெஷின் என்னைக் கண்டு பயந்ததோ இல்லையோ, நான் அதைக் கண்டு பயந்துகொண்டிருந்தேன்.

அந்த மெஷின் மலையேறிய கதையைச் சொல்ல வேண்டும். முதலாளியும் அவர் மனைவியின் அண்ணனும் சேர்ந்து திண்டுக்கல் பக்கம் ஒரு சினிமாக் கொட்டகை நடத்திக்கொண்டிருந்தார்கள். கொட்டகையைக் குளுகுளு ஆக்கிவிட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. மச்சானைக் கலந்துகொள்ளாமல், இடித்துத் தள்ளிய ஒரு பம்பாய் ஹோட்டலின் ஏர்கண்டிஷன் பிளாண்டை அப்படியே விலை பேசி ரயிலேற்றிவிட்டார். வந்து இறங்கியதைச் சுற்றிப் பார்த்த மச்சான், எல்லார் முன்னாலும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"நல்லா ஏமாந்துட்டீங்க மாப்ள. இதப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்."

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற வண்டிக்காரனிடம் போடச் சொன்ன அந்த வார்த்தை முதலாளிக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. கூட்டு உடைந்தது. தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு கொடைக்கானலில் பங்களா கட்டினார். பங்களாவுக்குக் குளிர் தேவையா என்று யாரோ கேட்டதற்கு, "நான் இருக்குற எடத்துலதான் என் மெஷினு இருக்கும்" என்று பதில் வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு மெஷினை அதில் குடிவைத்து, தகரக் குழாய்களை உத்தரத்துக்கு மேலே ஓட்டி, ஒவ்வோர் அறையின் கூரையிலும் சதுரமாக ஓட்டை போட்டுக் கம்பிச் சட்டம் பொருத்தினார். ஊரில் மற்ற பங்களாக்காரர்கள் எல்லாம் குளிர் உள்ளே வராமல் இருக்க ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அன்றிலிருந்து மச்சான் வீட்டோடு பேச்சு வார்த்தை கிடையாது.

இப்போது ஒரு கேள்வி. கொடைக்கானலில் ஓர் ஏர்கண்டிஷன் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மதுரையில் என்றால் கஷ்டமே இல்லை. சுவிட்சைப் போட்டதும் வியர்வை நின்றால் ஓடுகிறது என்று அர்த்தம். வியர்வையே இல்லாத ஊரில் எதை நிறுத்திக் காட்டுவது? ஓடினாலும் குளிர், ஓடாவிட்டாலும் குளிர். இந்த ஒரு சந்தேகம்தான் முதலாளியைத் தூங்க விடாமல் அடித்தது. மெஷின் ஓடுகிறது என்று வெளியே சத்தியம் செய்வார். உள்ளுக்குள் அந்தப் பேரீச்சம்பழம் உறுத்திக்கொண்டே இருக்கும். அதனால் தினமும் பரிசோதனை.

முதல் பரிசோதனை விபூதி. ஸ்டூல் மேல் ஏறிக் கூரை ஓட்டைக்கு நேராக உள்ளங்கையில் விபூதியை வைத்துக்கொண்டு நிற்பார். பறந்தால் காற்று வருகிறது. பறந்தது. நேராக அவர் கண்ணுக்குள்தான் பறந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "வேகத்தப் பாத்தீங்களா தம்பி!" என்று பூரித்துப்போனார்.

சமையல்காரர் மாரி பக்கத்துக் கிராமமான வில்பட்டியைச் சேர்ந்தவர். அவருக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. "மொதலாளி, ஓட்டையில காத்து வருது, சரி. ஜன்னல்லயும் வருது, கதவு இடுக்குலயும் வருது. எது மெஷினுக் காத்துன்னு அதுல எழுதியா கெடக்கு?" என்றார்.

"ஏலே, போய் அடுப்பப் பாரு" என்று விரட்டினாலும் முதலாளி யோசித்தார். மறுநாள் எங்கிருந்தோ ஒரு காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் வந்தது. அதைக் கூரை ஓட்டையின் கம்பியில் செருகி, சிறிது நேரம் பொறுத்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதரசம் அடியிலேயே கிடந்தது. "காய்ச்சல் இல்ல" என்றார் திருப்தியாக.

அது ஆட்களுக்குப் பார்ப்பது, அறைக்குப் பார்ப்பது வேறு என்று நான் தெரியாத்தனமாகச் சொல்லித் தொலைத்தேன். உடனே மதுரைக்கு ஆள் விட்டுச் சுவரில் மாட்டுகிற தெர்மாமீட்டர் இரண்டு வாங்கினார். ஒன்று ஹாலுக்குள், ஒன்று வராண்டாவில். மெஷினை ஓடவிட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது பேரிடி இறங்கியது. உள்ளே இருந்ததைவிட வெளியே குளிர் அதிகம். வீட்டைக் குளிர வைக்கும் மெஷினை வாங்கியவர், தெருவைவிடச் சூடான வீட்டில் உட்கார்ந்திருந்தார். அன்று மத்தியானம் வரை இரண்டு தெர்மாமீட்டருக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் வராண்டா தெர்மாமீட்டரைக் காணோம். சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "இப்பப் பாருங்க தம்பி. ஹாலுக்கும் இதுக்கும் எம்புட்டு வித்தியாசம்!" என்றார். குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது.

அப்புறம் தண்ணீர் பரிசோதனை. மெஷின் ஒழுங்காக ஓடினால் அதன் குழாயிலிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும் என்று பம்பாய்க்காரன் சொல்லியிருந்தானாம். குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்தார். காலையில் வாளி நிரம்பி வழிந்தது. மாரிக்குக் கேசரி கிண்ட உத்தரவு போய்விட்டது. கேசரி சாப்பிட்டு முடித்தபின்தான் மாரி சொன்னார், நேற்று மெஷினைப் போடவே இல்லையே என்று. அண்ணாந்து பார்த்தோம். ஷெட் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

முதலாளியம்மாவைப் பற்றிச் சொல்லவில்லையே. மங்கி குல்லாய், காலுறை, ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. இவ்வளவுக்கும் நடுவில் எங்கோ ஒரு மூக்குத்தி மின்னும். அதுதான் அம்மா. வீட்டுக்குள் எங்கே போனாலும் கையோடு ஒரு கணப்புச் சட்டி போகும். மெஷின் ஓடும் நேரம் பார்த்துக் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஷெட்டுக்குப் போய்விடுவார். மெஷின் கிட்டே ஒரு முக்காலி போட்டு, மோட்டாருக்கு முதுகைக் காட்டியபடி பீன்ஸ் நறுக்குவார்.

"இந்த வீட்டுலயே சூடா இருக்குற எடம் இது ஒண்ணுதான் தம்பி" என்றார் என்னிடம். "ஊரையெல்லாம் குளிர வைக்குதோ என்னமோ, அது மட்டும் நல்லாக் கொதிக்குது."

ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு இந்த உண்மையெல்லாம் தெரிய வேண்டியதில்லை. சீசன் வந்துவிட்டால் மில் அதிபர்களும் ரிட்டயர் ஆன அதிகாரிகளும் முதலாளி வீட்டுக்கு டீ குடிக்க வருவார்கள். பல் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ள, "ஆஹா, என்ன சுகம்! மெட்ராஸ்ல எங்க வீட்டுல உக்காந்த மாதிரியே இருக்கு" என்பார்கள். மெட்ராஸ் வெயில் தாங்காமல் மலையேறி வந்தவர்கள்தான் இவர்கள். ஒரு மில் அதிபர், தன் பங்களாவுக்கும் இதே மாதிரி வைக்க வேண்டும் என்று கூரை ஓட்டையை டேப் வைத்து அளந்துகொண்டு போனார். வெளியே வந்ததும் எல்லாரும் நேராக மூஞ்சிக்கல் பஜாரில் ராவுத்தரின் கம்பளிக் கடைக்குப் போவார்கள். போனவர்கள் மப்ளர் வாங்காமல் திரும்பியதில்லை. ராவுத்தர் என்னை வழியில் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, மெஷினு சொகமா இருக்கா?" என்று ஒரு நெருங்கிய உறவினரை விசாரிப்பது போல விசாரிப்பார்.

ஒருமுறை மதுரையிலிருந்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார். வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போது அவர் நன்றாகத்தான் இருந்தாராம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, பங்களா வாசலில் வந்து நிற்கும்போது ஆள் வெளுத்துப் போயிருந்தார். வராண்டாவிலேயே உட்கார வைத்து, மாரி ஒரு கம்பளியைச் சுற்றிச் சுக்குக் காப்பி கொடுத்தார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "கூலிங்கு எப்படிங்க இருக்கு?" என்றார்.

"ந-ந-நல்லா இ-இருக்குங்க."

"பாத்தீங்களா தம்பி!" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். "தொழில் தெரிஞ்சவன் சொல்றான்."

மெஷினை அன்று போடவே இல்லை. மெக்கானிக் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விட்டார்.

இப்படியே போயிருந்தால் இது வேடிக்கையோடு முடிந்திருக்கும். ஒரு மே மாதம், சரக்கு எடுக்கத் திண்டுக்கல் போய் வந்த ராவுத்தர் ஒரு சேதி கொண்டுவந்தார். மச்சான் மகளுக்குக் கல்யாணம். தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் அழைக்க மச்சானே நேரில் மலையேறி வருகிறார்.

அம்மா கையிலிருந்த கணப்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். நான் பார்த்து, அவர் அதைக் கீழே வைத்தது அன்றுதான். முதலாளி விசிறியை வேகமாக வீசினார்.

"வரட்டும். வந்து, மெஷினு ஓடுதுன்னு அவரு வாயாலயே சொல்லட்டும். சொன்னா, முன்கூட்டியே போயி பந்தக்கால் ஊன்றதுலருந்து பந்தி பரிமார்றது வரைக்கும் நான் நிப்பேன். சொல்லலேன்னா, தாம்பாளத்தத் தொட மாட்டேன்."

அன்று மத்தியானம் அம்மா அவுட்ஹவுஸ் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க கரண்டு ஆபீஸு. அந்தப் பாழாப்போன மெஷின ஒரு அரை மணி நேரம் ஓட வச்சிருங்க. என் அண்ணன் மக தம்பி அது. நான் இடுப்புல வச்சு வளத்த புள்ள. இவரு போகலேன்னா நான் எப்படிப் போறது?"

"சரிம்மா" என்றேன். சூரியனைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தாலும் அந்த முகத்துக்கு அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மச்சான் வரும் நாள் விடிந்தபோது மே மாதம் என்பதற்கான அடையாளமே இல்லை. மழை பெய்து ஓய்ந்து, பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி, பத்தடி தூரத்தில் நிற்கிற யூகலிப்டஸ் மரம் தெரியவில்லை. முதலாளி கலங்கவில்லை. "சூடு இருந்தாத்தான குளிரு தெரியும்? மொதல்ல ஹாலச் சூடு பண்ணுவோம்" என்றார்.

வெள்ளனே வேலை தொடங்கியது. கணப்படுப்பில் விறகு அடுக்கித் தீ மூட்டினோம். சுவரோரமாகக் கரி அடுப்புகள். அவற்றின் மேல் அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதித்தது. ஜன்னல் இடுக்குகளை அடைக்க ராவுத்தர் கடையிலிருந்து கம்பளிகள் வந்தன. ஷெட்டுக்கு வெளியே, மெஷின் வெளிக்காற்றை இழுக்கிற குழாய்வாய் ஒன்று உண்டு. அதற்கு ஒரு பலகைக் கதவு. அதையும் இறுக்கிச் சாத்தியாயிற்று. அப்படியும் முதலாளிக்குத் திருப்தியில்லை. கொட்டகை நடத்திய அனுபவசாலி அவர். கூட்டம் சேர்ந்தால்தான் புழுக்கம் வரும் என்று தெரியும். மாரியை அனுப்பி, வில்பட்டியிலிருந்து காய்கறி சுமந்து வந்த ஆட்களை எல்லாம் ஹாலுக்குள் கூட்டி உட்கார வைத்து ஆளுக்கொரு டம்ளர் சுக்குக் காப்பி கொடுத்தார்.

அவர்களுக்கு அது சொர்க்கமாகிவிட்டது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு கதகதப்பை அனுபவித்ததில்லை. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தார்கள். ஒருவர் குறட்டையே விட ஆரம்பித்தார்.

மச்சான் வந்து சேர்ந்தார். சால்வையும் குல்லாயுமாக, கையில் தாம்பாளத்தோடு. நல்ல உயரம், நரைத்த மீசை. வாசலில் முதலாளி முறைப்படி, "வாங்க மச்சான்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. மச்சான் தங்கையைத் தேடினார். அம்மா சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காலையிலிருந்து வெளியே வரவில்லை.

ஹாலுக்குள் கால் வைத்த மச்சான் திகைத்துப்போனார். குல்லாயைக் கழற்றினார். சால்வையைக் கழற்றினார். சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். "என்ன மாப்ள இது? நம்ம கொட்டகையில தரை டிக்கெட்டுல உக்காந்த மாதிரில்ல இருக்கு!"

முதலாளி முகத்தில் அன்றுதான் முதன்முதலாக நிஜ வியர்வையைப் பார்த்தேன். பெருமையாக அதைத் துடைக்காமல் விட்டிருந்தார். "செத்த இருங்க. இப்பப் பாருங்க வேடிக்கைய" என்றார்.

"இருக்கேன். மூச்சு முட்டுது, கொஞ்சம் வெளிய நின்னுட்டு வர்றேன்" என்று மச்சான் பின்கட்டுப் பக்கம் நடந்தார்.

நான் அதற்குள் ஷெட்டுக்கு ஓடி, முதலாளி சொல்லியிருந்தபடி சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். ஹாலிலிருந்து முதலாளியின் குரல் கேட்டது. "எலக்ட்ரிக் தம்பீ! போடுங்க!"

போட்டேன். மோட்டார் உறுமியது. விசிறிச் சக்கரம் ஒரு பக்கம் சுழல ஆரம்பித்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. 'படார்' என்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். மோட்டாரிலிருந்து பெரிய மெஷினுக்குப் போகிற பெல்ட் அறுந்து, என் காதை உரசிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. மோட்டார் பாட்டுக்கு வெறும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. குளிரைத் தயாரிக்க வேண்டிய மெஷின் அசையாமல் நின்றது. காற்றுத் தள்ளும் விசிறி மட்டும், ஹாலில் இருந்த புழுக்கத்தையே இழுத்து ஹாலுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

திரும்பினால் ஷெட் வாசலில் மச்சான் நிற்கிறார்.

அவர் கொட்டகைக்காரர். தரையில் கிடப்பது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெல்ட்டைப் பார்த்தார். நின்றுபோன மெஷினைப் பார்த்தார். மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு புறப்பட்டது. ஜெயித்தவனின் சிரிப்பு.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

"என் தங்கச்சி எங்க தம்பி? வந்ததுலருந்து கண்ணுலயே படலையே."

"சாமி ரூமுக்குள்ள இருக்காங்க. காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. நீங்க மெஷினு ஓடுதுன்னு சொன்னாத்தான் கல்யாணத்துக்கு வருவேன்னு ஐயா சொல்லிட்டாரு."

மச்சானின் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது. "கொஞ்சம் பொறுங்கப்பா, மெஷினு இப்பதான் சூடு புடிக்குது... இல்ல இல்ல, குளிரு புடிக்குது!" அந்தக் குரலில் இருந்த நடுக்கம் குளிரால் வந்ததல்ல என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மச்சான் பெல்ட்டைக் காலால் தள்ளி மெஷினுக்கு அடியில் விட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். விடுவிடுவென்று வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். குழாய்வாயின் பலகைக் கதவு மழையில் ஊறி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து, பாசியும் கறையும் அப்பிக்கொள்ள, அந்த வயதிலும் ஒரே இழுப்பில் பெயர்த்து எடுத்துவிட்டார். வாசலில் காத்துக் கிடந்த மேகம் சர்ரென்று குழாய்க்குள் இழுபட்டது.

"வாயத் தொறக்காதீங்க தம்பி" என்றார். சால்வை இல்லாமல் மழை ஈரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே நடந்ததை நான் சமையல்கட்டு வழியாக ஓடிப்போய்ப் பார்த்தேன். கூரையிலிருந்த ஓட்டைகள் ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளை வெளேரென்று மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு காட்சியை எந்தப் பம்பாய் ஹோட்டலும் பார்த்திருக்காது. அண்டாக்கள் ஆவி விட, மேலிருந்து பனி இறங்க, நடுவில் முதலாளி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். வில்பட்டி ஆட்கள் துள்ளி எழுந்தார்கள்.

"மொதலாளி, இப்பதான் ஒடம்பு ஒரு நெலைக்கு வந்துச்சு. அத நிப்பாட்டச் சொல்லுங்க!" என்று ஒருவர் கெஞ்சினார். குறட்டை விட்டவர், ஜன்னலை அடைத்திருந்த கம்பளியை உருவிப் போர்த்திக்கொண்டு வெளியே ஓடினார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே ஓடினார்கள். மாரி மட்டும் மூக்கை உறிஞ்சி, "என்ன மொதலாளி, மெஷினுக் காத்துல யூகலிப்டஸ் வாசம் அடிக்குது?" என்றார். நான் அவர் காலை மிதித்தேன்.

மச்சான் வாசல் வழியாக உள்ளே வந்தார். நேராக ஓர் ஓட்டைக்கு அடியில் போய் நின்றார். அவர் நடுங்கியது நடிப்பில்லை, நனைந்திருந்தார்.

"ஒத்துக்கிறேன் மாப்ள. மெஷினு ஓடுது."

முதலாளிக்கு அது போதவில்லை. "பேரீச்சம்பழம்?"

"அந்த வார்த்தைய நான் திருப்பி வாங்கிக்கிறேன்."

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா!" என்று முதலாளி ஹாலைச் சுற்றிப் பார்த்தார். கேட்பதற்கு நானும் மாரியும்தான் மிச்சம்.

சாமி அறைக் கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தார். மிதந்துகொண்டிருந்த மேகத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்தார். பிறகு அண்ணனின் கைகளைப் பார்த்தார். பாசி, கறை, ஒரு விரலில் லேசாக ரத்தம். கண் கலங்கியது.

"கையக் கழுவிட்டு வாங்கண்ணே. சாப்பிடலாம்" என்றார்.

தாம்பாளத்தை முதலாளி இரண்டு கையாலும் வாங்கினார். கல்யாணத்துக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே போய், பந்தல்காரர்களைப் படாத பாடு படுத்தி, பந்தியில் பாயசத்தைத் தானே ஊற்றி, மணமக்களுக்கு விசிறி வீசி, மச்சானோடு தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார். திரும்பி வந்தவர் மெஷினைத் தொடவே இல்லை. நானாக ஒருநாள், போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெல்ட் மாற்றவில்லை என்பது எனக்கல்லவா தெரியும்!

"எதுக்குத் தம்பி? பாஸான புள்ளய மறுபடி எதுக்குப் பரீட்சைக்கு அனுப்பணும்?" என்றுவிட்டார்.

தெரு விளக்குகள் மங்குவது நின்றது. அம்மாதான் சூடாக உட்கார ஓர் இடமில்லாமல் கொஞ்ச நாள் சிரமப்பட்டார். மெஷினை ஓட வைத்த பெருமை என் தலையில் ஏறி, ஊரில் ரேடியோ கெட்டாலும் கடிகாரம் நின்றாலும் என்னிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

அந்தப் பெருமை தாங்காமலோ என்னவோ, எனக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். "எந்த ஊரு?" என்றார் முதலாளி.

"வேலூருங்க."

விசிறி அப்படியே நின்றது. "அய்யய்யோ! அந்த ஊரு வெயில்ல வெந்துல்ல போயிருவீங்க?" என்று எழுந்துவிட்டார். உள்ளே திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். "இந்தா, இங்க வா. நம்ம மெஷினத் தம்பி கூட அனுப்பிருவோமா?"

அவர் தமாஷ் பண்ணவில்லை. மச்சானையே விட்டுவிட்டு அவர் தூக்கிக்கொண்டு வந்த மெஷின் அது. அதை ஒரு வாடகை அறைக் கிளார்க்குக்குக் கொடுக்கிறேன் என்று நின்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "குடுங்க. புள்ளைக்குச் சூடு ஆகாது" என்றார் அமைதியாக.

நான் பஸ் ஏறும் நாள் வரை அவர் பஜாரில் லாரி தேடி அலைந்துகொண்டிருந்தார். அந்தக் கனத்தை மலையிறக்க எந்த டிரைவரும் சம்மதிக்கவில்லை. பஸ் புறப்படும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். "கவலப்படாதீங்க தம்பி. வண்டி கெடைச்சதும் வெரசா ஏத்தி விட்டுர்றேன்."

வேலூரில் பல வருடம் இருந்தேன். வெயில் அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. மெஷின் வரவில்லை, வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கோடை மத்தியானங்களில் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டால், நான் எழுந்து வாசலுக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருவேன்.